'ஹாய் ப்ரோ' வேண்டாம், அத்தைக்குக் கடிதம் போடுங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் ஊர் நீலகிரியில் கொளப்பள்ளி பக்கம். பாட்டி 1972ல் இலங்கை பொகவந்தலாவை பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இந்தியா இலங்கை ஒப்பந்தத்தில் வந்தவர். கூட வந்தது தாத்தாவும் எட்டு வயது அப்பாவும். அப்பாவுக்கு ஒரு மூத்த அக்கா உண்டு. அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்தான், வீட்டுக்காரர் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்ததால் அவர் அங்கேயே நின்றுவிட்டார். பாட்டி 2006ல் இறந்துவிட்டார். போன வருடம் என் பையனுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள், அதிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பாட்டியின் தகரப் பெட்டியில் அத்தையிடமிருந்து வந்த இரண்டு நீலக் கடிதங்கள் கிடைத்தன, 1974ல் ஒன்று, 1981ல் ஒன்று. படம் இணைத்திருக்கிறேன். ஃபேஸ்புக்கில் தேடியதில் அத்தையின் மகள் வயிற்றுப் பேரன் என்று தோன்றும் ஒரு பையன் அகப்பட்டான். தோட்டத்தின் பெயர் ஒத்துப்போகிறது, ஒரு படத்தில் அவனோடு நிற்கும் பாட்டிக்கு அப்படியே எங்கள் பாட்டியின் சாடை. "ஹாய் ப்ரோ, நாம சொந்தக்காரங்க, உங்க பாட்டி பேரு, பிறந்த வருஷம், தாத்தா பேரு எல்லாம் அனுப்புங்க" என்று எழுதினேன். மூன்று மாதமாகப் பதில் இல்லை. மறுபடி எழுதலாமா? அத்தை இருந்தால் பாட்டி இறந்ததை எப்படிச் சொல்வது? அப்பாவுக்கு எதுவும் தெரியாது. கண்டுபிடித்தபின் வீடியோ காலில் திடீரென்று காட்டி அவரை அசத்த வேண்டும் என்று ஆசை.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசியில் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அசத்துகிற வேலையெல்லாம் டிவி நிகழ்ச்சிக்குச் சரி. அறுபது தாண்டிய மனிதர், சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, பேரப்பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று இன்னொரு போனில் படம் பிடித்துக்கொண்டிருக்க, ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஹட்டன் ஸ்டேஷனில் விட்டுவந்த அக்காவைச் சட்டென்று ஒரு கண்ணாடிச் சில்லுக்குள் பார்த்தால் என்ன பேசுவார்? அழுவார், அல்லது எழுந்து வெளியே போய்விடுவார். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அவர் அத்தை, ஆனால் அதற்கு முன்னால் அவர் உங்கள் அப்பாவுக்கு அக்கா. அந்த ரயிலில் ஏறியவரும் உங்கள் அப்பாதான். கோச்சி என்றுதான் அங்கே ரயிலைச் சொல்வார்கள், அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்லும் பெரியவர்கள் இன்னும் இங்கே கூடலூர் பக்கம் இருக்கிறார்கள். தலைமன்னார் வரை கோச்சி, அப்புறம் கப்பல், அப்புறம் மண்டபம் முகாம், அங்கிருந்து எந்த மலைக்கு அனுப்புகிறார்களோ அந்த மலை. எட்டு வயதில் அதையெல்லாம் கடந்து வந்தவருக்குத் தெரியாமல் அந்தக் கதவைத் திறக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்றால், எனக்கு இல்லை என்றுதான் படுகிறது.

அதோடு, உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அவர்தான். எனக்கு இது தொழில், கூடலூரில் தாயகம் திரும்பியோருக்கு மனுவும் சான்றிதழ் விண்ணப்பமும் எழுதிக் கொடுக்கப் போய், அதிலிருந்து பிரிந்துபோன குடும்பங்களைத் தேடித் தருகிற வேலைக்கு வந்து சேர்ந்தவள் நான், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஆள் அடையாளத்தை நிச்சயப்படுத்தியது பெரும்பாலும் பேரோ பிறந்த தேதியோ இல்லை. தோட்டத்துக்குப் பத்து மாரியாயி, பத்து ராமாயி இருப்பார்கள். லட்சுமி இங்கே ஒரு மாதிரி, அங்கே லெட்சுமி. வயது என்பது கணக்கப்பிள்ளை பார்த்து எழுதிக்கொண்டதாகவும் இருக்கும். அடையாளம் சொல்வது எது தெரியுமா, லயம் என்கிற வரிசை வீட்டில் எத்தனையாவது காம்பரா (அறை), தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை எந்தப் பக்கம், அக்காவை வீட்டில் என்ன பட்டப்பேர் வைத்துக் கூப்பிட்டார்கள், கொழுந்தெடுக்கப் போகும்போது தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) யார் கொண்டுபோய் விட்டது, இதெல்லாம்தான். எட்டு வயதுப் பையனுக்கு ஞாபகம் இருக்கக்கூடியதும் இதுதான். சாடையை மட்டும் நம்பாதீர்கள். சாடை ஒத்துப்போய் நான் வேறு குடும்பத்துக்கு ஒரு முறை வெல்லமும் பழமும் எடுத்துப் போயிருக்கிறேன், அவர்கள் நல்லவர்கள், சாப்பாடு போட்டு அனுப்பினார்கள்.

அப்பாவிடம் நோட்டும் பேனாவுமாக உட்காராதீர்கள். அந்த நீலக் கடிதத்தை அவர் கையில் கொடுங்கள், அவ்வளவு போதும். அவர் வேண்டாம் என்று சொல்லவும் கூடும். சொன்னால் ஏன் என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், வீட்டுக் காகிதங்களைத் தேடுவதை விட வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பக்கம் தொடர்புகொள்வதை நிறுத்துங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு வருடம் பிடிவாதமாக இருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தது, காரியம் முடிந்து குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு, "சரி, எழுது" என்றார்.

இப்போது அந்தப் பையன்.

உங்கள் செய்தி அவன் கண்ணிலேயே பட்டிருக்காமல் போயிருக்கலாம். நண்பர் பட்டியலில் இல்லாதவர் அனுப்புவது தனியாக ஒரு கோரிக்கைப் பெட்டியில் போய் விழும், பலர் அதைத் திறப்பதே இல்லை. சரி, திறந்தான் என்றே வைப்போம். முன்பின் தெரியாத ஒருத்தர், வெளிநாட்டு ஆள், எடுத்த எடுப்பில் பாட்டி பெயர், பிறந்த வருடம், தாத்தா பெயர் கேட்கிறார். நானாக இருந்தால் பிளாக் செய்திருப்பேன். இது ஏமாற்றுக்காரர் பயம் மட்டும் இல்லை, அதற்கும் கீழே ஒரு பயம் இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் வந்து அந்த மலைநாட்டுச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 9,75,000 பேரைக் கணக்குப் பிரித்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மிச்சத்தையும் 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அங்கே தங்கியவர்களில் கடைசி ஆட்கள் வரை குடியுரிமை போய்ச் சேர 2003ல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தர் வந்து பேர், தகப்பன் பேர், பிறந்த வருடம் என்று கேட்டால் பாட்டிமார் முதலில் பேரனிடம் சொல்வது "எதையும் குடுத்துராத" என்பதுதான். இங்கே நம் பக்கத்திலும் அப்படித்தானே, சென்செஸ் எடுக்க வருகிற டீச்சரிடமே பெட்டியைத் திறக்கமாட்டார்கள்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். அத்தை மகளின் மகன் என்றால் உங்களுக்கு மருமகன் முறை. மருமகனை 'ப்ரோ' ஆக்கிவிட்டீர்கள். அந்தச் செய்தியை அவன் வீட்டில் யாரிடமாவது காட்டியிருந்தால், முறை தெரியாத சொந்தம் என்ன சொந்தம் என்று அங்கேயே முடிந்திருக்கும். எந்த வீட்டுக்கு எழுதுவதானாலும் முறையை முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் நீங்கள் நிஜமான ஆள் என்பதற்கு முதல் அத்தாட்சி.

அந்தப் பையனுக்கு மறுபடி எழுத வேண்டாம். அவன் கொழும்பில் எங்காவது கடையிலோ கார்மெண்டிலோ வேலையில் இருக்கலாம், பாட்டியைப் பற்றி இத்தனை பெரிய சேதியை இருபது வயதுப் பிள்ளை தலையில் இறக்கிவைத்து, நீயே வீட்டில் சொல் என்பது நியாயமில்லை. 2023ல், மலையகத்துக்கு நம் சனம் போய் இருநூறு வருடம் ஆனதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமெல்லாம் நடந்த பிறகு, அங்கே இளம்பிள்ளைகளுக்கும் எங்கள் ஊர் எது, யார் எங்கே போனார்கள் என்ற தேடல் வந்திருக்கிறது, பின்னால் அவனே உங்களுக்குப் பெரிய உதவியாக வருவான். ஆனால் முதல் ஆள் அவன் இல்லை.

முதல் ஆள் அத்தைதான். அவருக்குக் காகிதத்தில், தமிழில், பெரிய எழுத்தில் கடிதம் போடுங்கள். போனும் வேண்டாம், வாட்ஸ்அப்பும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், அதற்கு என் தப்பு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், சேரம்பாடிக் குடும்பம் ஒன்றுக்காகத் தேடி, இலங்கையில் நானுஓயா பக்கம் ஒரு அம்மாவின் நம்பர் கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் உடனே கூப்பிட்டேன். எடுத்தது அவரே. "உங்க அக்கா குடும்பத்துலருந்து பேசறேம்மா" என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா இருக்கா?" நான் இல்லையம்மா, நாலு வருஷம் ஆச்சு என்றேன். அப்புறம் சத்தமே இல்லை. போன் கீழே விழுந்திருக்க வேண்டும், பின்னால் வானொலியில் ஏதோ பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் பேத்தி கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன்றியிருக்கிறார்கள் என்பது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. நாலு வருடம் ஆனாலும் கேட்ட நாள்தானே அவர்களுக்குச் சாவு. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அந்த அம்மா மூலையில் உட்கார்ந்துவிட, கல்யாணத்தை நடத்துவதா தள்ளிப்போடுவதா என்று இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் பேச்சாகி, அந்தக் குடும்பம் அப்புறம் என் போனை எடுக்கவே இல்லை. தேடித் தரச் சொன்ன சேரம்பாடிக்காரர்களிடம் நான் கூலி வாங்கவில்லை, வாங்க முடியவில்லை.

கடிதம் என்றால் அப்படி ஆகாது. உங்கள் அத்தை எழுபதைத் தாண்டியிருப்பார், அவருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தாலும் கண் தெரியாது. யாரோ ஒருவர் படித்துத்தான் காட்ட வேண்டும். அந்த ஒருவர், மகளோ மருமகளோ, முதலில் தனக்குள் படித்துக்கொள்வார். இன்றைக்குச் சொல்லலாமா, சாப்பிட்ட பிறகு சொல்லலாமா, கல்யாணம் முடியட்டுமா, மாமா வரட்டுமா என்று அந்த வீட்டு ஆள் முடிவெடுப்பார். அந்த முடிவை நம்மால் இங்கே கொளப்பள்ளியிலிருந்து எடுக்க முடியாது. அதனால் பாட்டி இறந்ததைக் கடிதத்திலேயே எழுதலாம், எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் அது இன்னும் மோசம், அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத கடிதத்தைப் படிக்கக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிடும், புரிந்தும் நிச்சயமாகத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். ஒரே வரியில் எழுதுங்கள். எந்த வருடம், எந்த மாதம், எங்கே, யார் கொள்ளி வைத்தது. 'காலமானார்', 'இறைவனடி சேர்ந்தார்' என்று போஸ்டர் மாதிரி வேண்டாம். கடித மூலையில் நல்ல சேதிக்கான மஞ்சளும் தடவாதீர்கள், சாவுச் சேதிக்கான கறுப்பு மையும் தடவாதீர்கள். உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் கடிதத்தைப் படிக்கக் கொடுப்பதற்கு முன்னால் மூலையைத்தான் பார்ப்பார்கள்.

கடிதம் உங்கள் அப்பா சொல்ல நீங்கள் எழுதுவதாக இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நான் எழுதினால் கிட்டத்தட்ட இப்படி எழுதுவேன், உங்கள் அப்பாவின் பேச்சுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"அக்காவுக்கு உன் தம்பி எழுதிக்கொள்வது. நீ என்னைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவாய், நான் வாசலில் நின்று அழுவேன், அந்தத் தம்பிதான். நாங்கள் நீலகிரியில், பந்தலூர் தாலுகா கொளப்பள்ளி பக்கம் இருக்கிறோம். நானும் தேயிலையில்தான் வேலை செய்தேன். எனக்கு ஒரு மகள், அவள்தான் இதை எழுதுகிறாள். அம்மா 2006ல், இன்ன மாதம், இன்ன ஊரில் தவறிவிட்டார், நான்தான் கொள்ளி வைத்தேன். நீ 1974லும் 1981லும் போட்ட கடிதம் இரண்டையும் அம்மா தகரப் பெட்டியில் கடைசிவரை வைத்திருந்தார். இதோடு அம்மா படம் ஒன்று அனுப்புகிறேன். எனக்கு உன்னிடம் எதுவும் வேண்டாம், நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். என் நம்பர் கீழே இருக்கிறது. பேசத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை."

இதில் ஒரு கேள்வி கூட இல்லை, கவனித்தீர்களா? பேர் கேட்கவில்லை, வருடம் கேட்கவில்லை, ஏன் கடிதம் நின்றுபோயிற்று என்று கேட்கவில்லை. கொடுப்பது மட்டும்தான், ஒரு சேதி, ஒரு படம், ஒரு நம்பர். தாத்தாவும் இல்லை என்றால் அதையும் அம்மாவுக்கு அடுத்த வரியில் அதே மாதிரி சேர்த்துவிடுங்கள், உங்கள் கேள்வியில் தாத்தாவைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் கடிதம் கடன் கேட்டு வந்த மாதிரி ஆகிவிடும். குடும்ப மரத்தின் பிரதியை உள்ளே வைக்காதீர்கள். கட்டம் கட்டமாகப் பெயரும், சில பெயருக்குக் கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும் போட்ட காகிதம் அவர்களுக்குத் தாசில்தார் ஆபீஸ் காகிதம் மாதிரி இருக்கும்.

சரி, எந்த முகவரிக்கு? இங்கேதான் உங்கள் பெட்டி கை கொடுக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1974 கடிதத்தில் எழுத்து ரொம்ப அழகு, படித்த கை. கடைசியில், 'இப்படிக்கு உங்கள் மகள்' என்பதற்குக் கீழே, சின்ன எழுத்தில் 'எழுதியது' என்று போட்டு ஒரு பெயர் இருக்கிறது, அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 1981 கடிதத்திலும் அதே கை, அதே பெயர். அத்தை சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர், தோட்டத்துப் பள்ளி வாத்தியாராகவோ கணக்கப்பிள்ளையாகவோ இருப்பார். இதிலிருந்து எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. கடிதம் நின்றுபோனதற்கு இரண்டு பக்கமும் ஐம்பது வருடம் மனத்தாங்கலை வளர்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களில், நான் பார்த்தவரை, பாதிக்குப் பாதி கடிதம் எழுதுகிறவர் ஊரை விட்டுப் போனதால் நின்றதுதான். அவர் மாற்றலாகிப் போனார், அல்லது 1983 கலவரத்துக்குப் பிறகு எங்கோ போனார், அப்புறம் யாரிடம் போய்ச் சொல்லி எழுதுவது? இந்தப் பக்கமும் அதே கதை, மண்டபத்திலிருந்து ஒரு முகவரி, அப்புறம் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கான்ட்ராக்டரிடம் கொஞ்ச நாள், அப்புறம் யாரோ சொல்லி டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம் என்று கூடலூர் பக்கம். மூன்றாவது முகவரியை எழுதிப்போடுவதற்குள் வந்த கடிதமெல்லாம் திரும்பிப் போயிருக்கும். உங்கள் அப்பா மனதில் அக்கா நம்மை மறந்துவிட்டாள் என்று இருந்தால், இதைச் சொல்லுங்கள்.

1974 கடிதத்தின் பின்பக்கம் அனுப்புநர் முகவரியில் தோட்டம் இல்லை, பொகவந்தலாவை பஜாரில் ஒரு கடைப் பெயர் இருக்கிறது. அதுவும் காரணத்தோடுதான். லயத்துக் காம்பராக்களுக்குத் தனித் தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு, வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கவும் கிடக்கும். இன்றைக்கும் பல தோட்டங்களில் இது பெரிய குறைதான். அதனால் சாமான் வாங்குகிற கடை முகவரியைக் கொடுப்பார்கள், சம்பள நாளில் போகும்போது முதலாளி எடுத்துத் தருவார். அந்தக் கடை இன்னும் இருந்தால் மகனோ பேரனோ நடத்திக்கொண்டிருப்பார், பெயர்ப் பலகை அதேதான் இருக்கும். கூகுள் மேப்பில் பொகவந்தலாவை பஜாரைத் திறந்து கடைப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், நம்பர் இருந்தால் நீங்கள் பேசலாம். பேசும்போது அத்தையின் கதையைச் சொல்லாதீர்கள். "இன்ன தோட்டத்துல, இன்ன டிவிஷன்ல இன்னாரு குடும்பம் இருக்காங்களா, ஒரு கடிதம் அனுப்பினா குடுப்பீங்களா" என்று மட்டும் கேளுங்கள். டிவிஷன் பெயர் அவசியம், ஒரு தோட்டத்துக்குள்ளேயே மூன்று நான்கு டிவிஷன் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஊர் மாதிரி. தோட்டத்துக்கும் இரண்டு பெயர் இருக்கலாம், வெள்ளைக்காரத் துரை வைத்தது ஒன்று, சனம் கூப்பிடுவது ஒன்று. கடைக்காரருக்கு இரண்டாவதுதான் தெரியும், அப்பாவைக் கேட்டால் அவருக்கும் அதுதான் தெரிந்திருக்கும்.

கடை இல்லையென்றால் தோட்டத்துப் பள்ளி அதிபருக்கு ஒரு கடிதம் போடலாம், அங்கே ஹெட்மாஸ்டரை அதிபர் என்பார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் ஒவ்வொரு டிவிஷனிலும் இருப்பார், வெறுமனே 'தலைவர்' என்றால் போதும், லயத்தில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. கிராம சேவகர் வரை போகலாம், ஆனால் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன், அரசாங்க ஆள் மூலமாக விசாரணை வருகிறது என்றாலே வீட்டில் கலக்கம் வரும். அதே காரணத்துக்காகத்தான், கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற தபாலில் அனுப்பாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து வாங்காமல் திருப்பி அனுப்பிய குடும்பம் உண்டு. சாதாரண ஏர்மெயில் போதும், ஒன்றைக் கடைக்கும், அதே கடிதத்தின் இன்னொரு பிரதியைத் தோட்ட முகவரிக்கும் பத்து நாள் இடைவெளியில் போடுங்கள்.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். நான் மூன்று மாதம் பார்ப்பேன், இரண்டாவதாக ஒரு சின்னக் கடிதம் போடுவேன், பொங்கல் வாழ்த்து மாதிரி, முதல் கடிதம் வந்ததா என்று கூடக் கேட்காமல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுவேன், நம்பர் அவர்களிடம் இருக்கிறது. மூன்றாவது கடிதம் போட்டு நல்ல பலன் வந்ததாக என் அனுபவத்தில் இல்லை.

போன் வந்தால், முதல் பேச்சு அப்பாவுடையது. நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஸ்பீக்கரில் போடாதீர்கள், ரெக்கார்ட் செய்யாதீர்கள். பின்னால் ஒரு நாள் அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம், கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்வார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாட்ஸ்அப் குரல் செய்தி மாதிரி நல்ல விஷயம் இல்லை, தம்பி குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். நேரமும் இங்கே அங்கே ஒன்றுதான், வித்தியாசம் கிடையாது. வேலை நாளில் பகலில் கூப்பிடாதீர்கள், மகளோ மருமகளோ மலையில் நிற்பார்கள், அரைப்பேர் ஆகிவிடும், அதாவது பாதிக் கூலிதான். ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா நாள், பௌர்ணமிக்கு அங்கே விடுமுறை.

என்ன கேட்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் ஆர்வக்கோளாறில் கேட்டுவிடுவீர்கள். 1974 கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, 'தோட்டத்தில் மா இல்லை, வத்தாளங்கிழங்குதான்' என்று. மா என்றால் கோதுமை மாவு, வத்தாளங்கிழங்கு நம் சர்க்கரைவள்ளி. அது அங்கே பஞ்ச காலம். தோட்டங்களில் பட்டினியில் ஆட்கள் செத்த வருடங்கள் அவை. அந்தக் கடிதத்துக்கு உங்கள் பாட்டி என்ன பதில் போட்டார், ஏதாவது அனுப்ப முடிந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத்தைக்குத் தெரியும். 1977, 1983 கலவரத்தில் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று போய், 2009 வரை யுத்தத்தில் அகப்பட்டு, ஆள் இழந்து திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ. எத்தனை பிள்ளைகள் என்று நீங்கள் சாதாரணமாகக் கேட்பீர்கள், அந்தப் பக்கம் பதில் சொல்ல நேரமாகும். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்ப மரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பண விஷயம். அவர்கள் கேட்பார்களோ என்று இங்கே பயப்படுவார்கள், இவர்கள் எதற்கோ வருகிறார்கள் என்று அங்கே பயப்படுவார்கள், இரண்டு பக்கமும் தேயிலைக் கூலிதான் என்பதை இரண்டு பேரும் மறந்துவிடுவார்கள். முதல் ஆறு மாதம் பணம் அனுப்பவும் வேண்டாம், கேட்டால் கோபப்படவும் வேண்டாம். பாட்டியின் நகை, வீடு என்று ஏதாவது பேச்சு வந்தால் அதை அப்பாவும் அத்தையும் தனியாகப் பேசிக்கொள்ளட்டும், நீங்கள் நடுவில் போகாதீர்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்த தேதி, படம் எதையும் அவர்களைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றாதீர்கள். அந்தப் பையனுடைய படத்தை உங்கள் மரத்தில் ஏற்கெனவே ஒட்டிவைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பையனின் பள்ளி நோட்டில் வரைந்தது இருக்கட்டும், அதை டீச்சர் மட்டும்தானே பார்க்கப் போகிறார்.

அங்கே போய்ப் பார்க்கும் யோசனை இருந்தால் ஆனி ஆடியைத் தவிருங்கள், நமக்குப் பெய்கிற அதே தென்மேற்கு மழைதான் பொகவந்தலாவையிலும், கூடலூர் மாதிரியே ஊற்றும். போகும்போது ஊட்டி வர்க்கி எடுத்துப் போங்கள், உடையாமல் கொண்டுபோவது உங்கள் சாமர்த்தியம். அப்பா அங்கே பேக்கரியில் பிரெட்டைப் பாண் என்று கேட்கட்டும், எத்தனை வருடம் கழித்துக் கேட்டாலும் அந்த வார்த்தை வாயில் வந்துவிடும்.

இதை முடிக்கும்போது 1981 கடிதத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அதன் பின்பக்கத்தை நீங்கள் படம் எடுக்கவில்லை. தபால் முத்திரை தெளிவாகத் தெரிகிற மாதிரி, பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். அனுப்புநர் முகவரியில் கடை அதேதானா, மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மாறியிருந்தால் நாம் எழுத வேண்டிய முகவரியும் மாறும்.